மாணவரின் இணையதளம்: செய்த வேலையைக் காட்டும் இடம்

ஜெனீவாவை ஒட்டி அமைந்த செர்ன் என்னும் துகள் இயற்பியல் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1989-ஆம் ஆண்டில் முன்மொழிந்து, அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் இயங்கச் செய்த உலகளாவிய வலையின் முதல் தளம், அந்த வலைத் திட்டத்தையே விளக்குவதாக இருந்தது. திட்டம் எதற்காக, அதில் பணியாற்றுவோர் யார், மென்பொருளைப் பெறுவது எவ்வாறு, உதவ விரும்புவோர் என்ன செய்யலாம் என்பவற்றை எழுத்தும் இணைப்புகளும் மட்டுமே கொண்ட பக்கங்களில் அது தெரிவித்தது. தம் பெயரில் தொழில்சார் இணையதளம் ஒன்றை அமைக்க முற்படும் கல்லூரி மாணவருக்கு, இன்று இலவசமாகக் கிடைக்கும் பகட்டான வார்ப்புருக்களைவிட அந்த எளிய தளமே தக்க முன்மாதிரி எனலாம்.

பயோடேட்டா என்று வழங்கும் தன்விவரக் குறிப்பு, ஒருவருக்கு என்னென்ன தெரியும் என்பதை ஒன்றிரண்டு பக்கங்களில் அறிவிக்கிறது. அவற்றைக் கொண்டு அவர் என்ன செய்தார், எப்படிச் சிந்தித்தார் என்பதைக் காட்ட அதில் இடமில்லை. அந்த இடத்தைத் தருவதே இணையதளத்தின் பயன் என்பதால், பத்துத் திட்டங்களின் பெயர்களை அடுக்குவதைக் காட்டிலும் ஒரே திட்டத்தை முழுமையாக விளக்குவது மேலானது.

எடுத்துக்காட்டாக, ஏரியின் நீர்மட்டத்தை மீயொலி உணரியால், அதாவது காதுக்கு எட்டாத ஒலியை அனுப்பி அதன் எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு தொலைவைக் கணிக்கும் கருவியால், அளக்கும் இறுதியாண்டுத் திட்டம் ஒன்றைக் கருதலாம். ‘நீர்மட்டத்தை அளக்கும் கருவி உருவாக்கப்பட்டது’ என்ற ஒற்றை வரி படிப்பவருக்கு எதையும் உணர்த்தாது. காற்றின் வெப்பநிலை 1 பாகை செல்சியசு உயர்ந்தால் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 0.6 மீட்டர் கூடுகிறது. ஆகவே விடியலுக்கும் நண்பகலுக்கும் இடையே 10 பாகை வேறுபாடு இருக்குமானால், நீர்ப்பரப்புக்கு 3 மீட்டர் மேலே பொருத்திய உணரியின் அளவீடு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் பிசகும். இப்பிசகு எவ்வாறு கண்டறியப்பட்டது, வெப்பமானி ஒன்றைச் சேர்த்துக் கணக்கைத் திருத்திய பின் எவ்வளவு குறைந்தது, எது இறுதிவரை சரியாகவில்லை என்பவற்றைத் தளத்தில் எழுதும் மாணவர், தம் துறையில் வேலை செய்யத் தெரிந்தவர் என்பதை வேறு எந்த அடைமொழியும் இன்றி நிறுவிவிடுகிறார். இத்தகைய திட்டங்களை நம் கல்லூரிகளில் மூவரோ நால்வரோ சேர்ந்தே செய்வதால், சுற்று வடிவமைப்பு யாருடையது, நிரல் யாருடையது என்று பிரித்துச் சொல்வதும் விளக்கத்தின் பகுதியாக வேண்டும். அது தோழருக்குச் செய்யும் நேர்மை. நேர்காணலில் எழும் கேள்விக்கு முன்கூட்டியே தரும் விடையும் ஆகும்.

தளத்தை அமைப்பதற்குப் பெரும் தொழில்நுட்பம் தேவையில்லை. பக்கத்தின் உள்ளடக்கத்தையும் கட்டமைப்பையும் குறிக்கும் எச்டிஎம்எல், நிறம், எழுத்தளவு முதலிய தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் ஆகிய இரண்டின் அடிப்படைகளைக் கற்றால், தரவுத்தளம் ஏதுமின்றி எழுதியபடியே வழங்கப்படும் நிலைத்தளம் ஒன்றை உருவாக்கலாம். கிட்ஹப் பேஜஸ் போன்ற சேவைகள் இத்தகைய தளங்களைக் கட்டணமின்றி ஏற்கின்றன. அங்கே ஒரு தளத்துக்கு அனுமதிக்கப்படும் 1 ஜிகாபைட் அளவு, எழுத்தும் சில படங்களும் கொண்ட மாணவர் தளத்துக்குத் தாராளமாகப் போதும். முகவரியைப் பற்றி மட்டும் தொடக்கத்திலேயே எண்ணிப் பார்க்க வேண்டும். கல்லூரி வழங்கியில் வைத்த பக்கம், படிப்பு முடிந்து கணக்கு மூடப்படும் நாளில் மறைந்துபோகக் கூடும். டொமைன் எனப்படும் தளப்பெயரை ஆண்டுக் கட்டணம் செலுத்தித் தம் பெயரில் பதிந்துகொண்டால், சேவை நிறுவனத்தை மாற்றினாலும் முகவரி மாறாது. பின்னாளில் பக்கங்களை வேறு வரிசையில் அடுக்க நேர்ந்தாலும், பழைய முகவரிக்கு வருவோரைப் புதிய இடத்துக்குத் திருப்பிவிடும் ஏற்பாட்டைச் செய்ய வேண்டும். முன்பே அனுப்பிய விண்ணப்பங்களில் அந்தப் பழைய முகவரிதான் இருக்கும்.

பெயர் எழுதும் முறையும் கவனத்துக்குரியது. தலைப்பெழுத்தை முன்னால் இடுவது, பின்னால் இடுவது, தந்தையின் பெயராக விரித்து எழுதுவது என ஒருவரே இடத்துக்கு ஒரு விதமாக எழுதும் வழக்கம் தமிழரிடையே உண்டு. ஆங்கில எழுத்துக்கூட்டலும் சேர்ந்து மாறினால், சான்றிதழில் உள்ளவரும் ஆய்வுக்கட்டுரையில் உள்ளவரும் தளத்தில் உள்ளவரும் ஒருவரே என்பதைத் தேடுபொறி அறியாது. ஒரே வடிவத்தைத் தேர்ந்து எங்கும் அதையே கையாள்வது நல்லது. தன்விவரக் குறிப்பில் பழக்கத்தால் இடம்பெறும் பிறந்தநாள், பெற்றோர் பெயர், வீட்டு முகவரி, பதிவெண் தெரியும் மதிப்பெண் பட்டியல் ஆகியவை, உலகில் யாரும் திறந்து பார்க்கக்கூடிய பக்கத்துக்கு உரியவை அல்ல. மின்னஞ்சல் முகவரி ஒன்றே போதுமானது.

தளத்தை மேம்படுத்துவது என்றால் அசையும் படங்களைச் சேர்ப்பது என்று கருதுவோர் பலர். உண்மையில் பெரும்பாலான மேம்பாடு நீக்குவதாலும் சுருக்குவதாலும் நிகழ்கிறது. கைப்பேசி எடுத்த நிழற்படத்தை அப்படியே ஏற்றினால் அது சில மெகாபைட் இருக்கும். திரைக்கு வேண்டிய அகலத்துக்குக் குறைத்தால் சிக்னல் குறைந்த ஊரிலும் பக்கம் விரைவில் திறக்கும். டபிள்யூ3சி எனப்படும் வலைத் தர அமைப்பு 2008-இல் வெளியிட்ட அணுகுதிறன் நெறிகள், இயல்பான அளவுள்ள எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளி வேறுபாட்டைக் கோருகின்றன. வெண்மையின் மேல் வெளிர்சாம்பல் எழுத்தை அழகென்று வைக்கும் வார்ப்புருக்கள் பல இந்த அளவைத் தொடுவதில்லை. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் என்னும் மென்பொருள் படத்தைக் காணாது என்பதால், ஒவ்வொரு படத்துக்கும் அதன் பொருளைச் சொல்லும் மாற்றுரை நிரலில் இடம்பெற வேண்டும்.

ஏரிக் கருவியைப் பயன்படுத்தப் போகும் பாசனச் சங்கத்தாரும் படிக்க வேண்டுமானால், திட்ட விளக்கம் தமிழிலும் இருப்பது முறையாகும். யூனிகோடு எனப்படும் ஒருங்குறியில் அதை எழுதி, பக்கத்தின் மொழி தமிழ் என எச்டிஎம்எல் தொடக்கத்திலேயே குறித்துவிட்டால், தமிழ்க்குரல் நிறுவப்பட்டுள்ள திரைவாசிப்பான் அந்தப் பக்கத்தைத் தமிழ் உச்சரிப்பிலேயே வாசித்துக் காட்டும்.