காட்டு உண்ணியும் கூலிக்காரன் உயிரும்
(விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஒரு தோழர் பேசியது)



மாட்டின் காதில் உண்ணி பிடுங்காத கை இந்தக் கூட்டத்தில் இருக்காது. மாட்டு உண்ணி நமக்குப் பழைய பகை. ஆனால் மனிதனையே கொல்லும் காட்டு உண்ணியும் உண்டு. அதைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

1957-ல் கர்நாடகத்தில், சிமோகா ஜில்லா கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. சுற்றுக் கிராமத்து ஜனங்களும் காய்ச்சலில் படுத்தார்கள். பூனா வைரஸ் ஆராய்ச்சி நிலையத்தார் சோதித்து, இது உண்ணி கடித்துப் பரவும் வைரஸ் என்று கண்டார்கள். காட்டின் பேரே நோய்க்கும் பேராயிற்று. அவ்வூர் ஜனங்கள் சொல்வது, குரங்குக் காய்ச்சல்.

திடீர்க் காய்ச்சல், மண்டையிடி, உடம்பெல்லாம் நோவு. சிலருக்கு மூக்கிலும் ஈறிலும் ரத்தம் வரும். நோய் கண்ட நூறு பேரில் 3 முதல் 5 பேர் வரை மடிகிறார்கள். இதற்கென்று தனி மருந்து இல்லை. ஆனால் ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றாது. ஆகவே நோயாளியை ஒதுக்காதீர்கள்.

இது யாரைப் பிடிக்கிறது? பங்களாவாசியையா? இல்லை. விறகு பொறுக்குகிறவளை, மாடு மேய்க்கிறவனை, சருகு அள்ளுகிறவனைப் பிடிக்கிறது. டிசம்பர் முதல் மே வரை இளம் உண்ணி பெருகும் காலம். நாம் வயிற்றுப்பாட்டுக்குக் காடு ஏறும் காலமும் அதுவே!

1980-களின் தொடக்கத்தில் தென் கன்னட ஜில்லாவில் முந்திரித் தோப்புக்காகக் காட்டை வெட்டினார்கள். அதையொட்டி அங்கே நோய் கிளம்பிற்று. 2012-ல் பந்திப்பூரில் செத்த குரங்குகளை எரிக்கும் வேலை செய்த தொழிலாளிகளையே காய்ச்சல் பிடித்தது. பிறகு வயநாட்டிலும் கோவாவிலும் பரவிற்று. நீலகிரிக் குரங்குகளிடமும் வைரஸ் தென்பட்டது. ஆகவே இது அடுத்த மாகாணத்துச் சங்கதி அல்ல.

தடுப்பூசி என்னவாயிற்று? 1990 முதல் கர்நாடகத்தில் போட்டார்கள். பலன் போதவில்லை என்று 2022-ல் நிறுத்தப்பட்டது. முதன்முதல் நோயைக் கண்டு அறுபத்தைந்து வருஷம் ஆன பிறகு, காட்டுக்குப் போகிறவன் கையில் தடுப்பூசி இல்லை! பணக்காரனைப் பிடிக்கும் நோயாக இருந்தால் இத்தனை காலம் பொறுத்திருப்பார்களா?

நாம் செய்ய வேண்டியது என்ன? உடம்பை மூடிக் காட்டுக்குப் போங்கள். திரும்பியதும் வெந்நீரில் குளித்து, துணியை வெந்நீரில் துவையுங்கள். செத்த குரங்கைத் தொடாதீர்கள். உடனே சுகாதார நிலையத்துக்குச் சொல்லுங்கள். காய்ச்சல் வந்தால் காட்டுக்குப் போனதை டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

நாம் கேட்க வேண்டியது என்ன? காட்டு வேலைக்கு அனுப்புகிறவன் உண்ணி விரட்டும் எண்ணெயும் கையுறையும் தரட்டும்! பக்கத்திலேயே ரத்தப் பரிசோதனை நடக்கட்டும்! நல்ல தடுப்பூசி சீக்கிரம் வரட்டும்! உழைத்துப் பிழைக்கப் போகிறவன் உயிரோடு வீடு திரும்ப வேண்டும். அதைச் சங்கமாய்ச் சேர்ந்து கேட்போம், தோழர்களே!