முதலில் போன் பண்ணு

நான் நியூ ஜெர்சியில் நர்ஸ். குடித்து மயங்கி வரும் நம் கல்லூரிப் பிள்ளைகள் கண் திறந்ததும் கேட்பது, "ஆன்ட்டி, அம்மாவுக்குச் சொல்லிட்டீங்களா?"

குடி நம் வீடுகளில் பேசவே கூடாத பேச்சு. அந்தக் கட்டுப்பாடு பலரைக் காக்கிறது. தப்பித் தவறிக் குடித்த பிள்ளையையோ உதவி கேட்கவிடாமல் வாயை அடைக்கிறது. "தூங்கினால் தெளிஞ்சிடும்" என்று நண்பர்கள் விட்டுவிடுகிறார்கள். தெளியாது, வயிற்றில் மிச்சமிருக்கும் மது தூக்கத்திலும் ரத்தத்தில் ஏறும், வாந்தி மூச்சை அடைக்கும்.

இங்கே குடிக்கச் சட்டப்படி வயது 21. ஆனாலும் 911ஐ அழைத்து, உதவி வரும்வரை உடனிருக்கும் பிள்ளைமேல் குடித்ததற்காக வழக்கு வராதபடி 2009இல் நியூ ஜெர்சி சட்டம் செய்தது. சட்டமே மன்னிக்கிறது.

கெட்டகுமாரன் கதையில் தகப்பன் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார், கணக்குக் கேட்கவில்லை. இன்றிரவே பிள்ளையிடம் சொல்லுங்கள்: "முதலில் போன் பண்ணு. மற்றதை அப்புறம் பேசிக்கலாம்."