யானைக்கு விட்ட வழி



நிந்தவூரில் பிறந்த எமக்கு யானை என்றால் வட்டைக்குள் இறங்கி வேளாண்மையைத் துவம்சம் செய்யும் பிராணி. வாடியில் காவலிருந்தவர்கள் கொளுத்திய யானைவெடிச் சத்தத்தைக் கேட்டே வளர்ந்தோம். வயலுக்குப் போனவர் ஜனாஸாவாகத் திரும்பிய வீடுகளும் எமது பகுதியில் உண்டு. அந்தக் குடும்பங்களின் முன்னால் யானையின் அழகைப் பேச எமக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பேச வேண்டியிருக்கிறது.

யானையின் வீடு தூரத்தில் இல்லை. சம்மாந்துறை, அம்பாறை தாண்டி இங்கினியாகலைக்குப் போனால் சேனாநாயக்க சமுத்திரம். எமது வயல்களுக்குத் தண்ணீர் தரும் குளம் அதுதான். அதைச் சூழ்ந்த காடு 1954இல் கல் ஓயா தேசிய வனமாக்கப்பட்டது. பரப்பு ஏறத்தாழ 25,900 ஹெக்டேயர். யானைகள் தீவுக்குத் தீவு நீந்திப் போவதை அங்கே படகிலிருந்தே பார்க்கலாம்.

அந்த வனத்தை அண்டி கல் ஓயா லொட்ஜ் என்றொரு காட்டு விடுதி இருக்கிறது. விருந்தினர் ரத்துகல ஆதிவாசிகளோடு காட்டுக்குள் நடந்து போவது அதன் சிறப்பு.

காட்டு நடைபாதையைப் பராமரிப்பது முற்றம் கூட்டுவது போன்ற வேலையல்ல. சருகை வழித்தெடுத்தால் மாரி மழை மண்ணைக் கரைத்துப் பாதையை ஓடையாக்கிவிடும். சருகு கிடக்க வேண்டும். சரிவுகளில் குறுக்கே கட்டை பதித்துத் தண்ணீரைப் பக்கத்துக்குத் திருப்ப வேண்டும். மாரி முடிய இலுக்கு ஆளுயரம் வளர்ந்து நிற்கும். வளைவுகளில் அதை வெட்டாவிட்டால், நிற்பது யானை என்று கிட்டப் போன பிறகே தெரியும். யானைத்தடம் குறுக்கிடும் இடத்தில் திருப்ப வேண்டியது பாதையை, யானையை அல்ல. எமக்கு இதுவே பெரிய பாடமாகப் படுகிறது.

கரடி யானையிலும் சிக்கல். பாலை பழுக்கும் ஜூன், ஜூலையில் அது பழத்தில் மூழ்கி ஆள் வருவதைக் கவனிக்காது. திடுக்கிட்டால் முகத்தில்தான் பாயும். அதனால் கரடிக் காட்டில் பேசிக்கொண்டு நடப்பது நல்லது. யானைக்கு வேறு முறை. காற்று எந்தப் பக்கம் வீசுகிறதென்று பார்த்து, வந்த வழியே சத்தமில்லாமல் திரும்பிவிட வேண்டும்.

எமது பக்கத்தில் நடப்பதைப் பாருங்கள். பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பொலித்தீன் தின்று எட்டு வருடங்களில் ஏறத்தாழ 20 யானைகள் இறந்ததாக 2022இன் தொடக்கத்தில் செய்தி வந்தது. கரையோரத்து ஊர்களின் குப்பை அது. எமது கல்யாண வீட்டு லஞ்ச் சீற்றுக்கு அதில் பங்கில்லை என்று யார் சொல்வது? அங்கே தின்னப் பழகிய யானை காட்டுக்குத் திரும்பாமல் ஊரைத்தான் சுற்றும். வட்டைக் காவல்காரருக்கு வரும் ஆபத்தும் அதனோடு கூடும்.

களியோடைப் பக்கம் மாணவிகளுக்கென ஒரு சிறு நடைபாதை அமைக்கச் சங்கம் யோசிக்கிறது. அங்கே முதலை உண்டு; ஆகவே பாதை தண்ணீரை விட்டு விலகியே போகும். மாரி கழிந்து புல் வெட்டும்போது ஆட்கள் வேண்டும். வர விரும்புவோர் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். சாப்பாட்டைப் பெட்டியில் கொண்டு வாருங்கள், லஞ்ச் சீற்றில் அல்ல.