ஊசி போட்ட கை யாருடையது?



எனக்குக் கொடுத்த தலைப்பு 'விளையாட்டும் ஒழுக்கமும்'. ஒழுக்கம் பேச நாகர்கோவிலில் ஆள் பஞ்சம் கிடையாது. நான் மூத்திரத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்கலாம், தப்பில்லை. ஆனால் ஒரு பிள்ளையின் நான்கு வருட வாழ்க்கையை 90 மில்லி மூத்திரம் தீர்மானிக்கும்போது மேடையில் அந்த வார்த்தையைச் சொல்லக் கூச்சப்பட முடியாது.

ஓடி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போதே ஊக்கமருந்துச் சோதனைக்கென்று ஒருவர் வந்து அடையாள அட்டையைக் காட்டுவார். அந்த நிமிடத்திலிருந்து நீங்கள் அவர் கண்ணைவிட்டு அகலக் கூடாது. சீல் வைத்த தண்ணீர் பாட்டிலை நீங்களே எடுத்துத் திறந்து குடிக்க வேண்டும். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் அதிகாரி கூடவே கழிப்பறைக்குள் வந்து நேராகப் பார்த்துக்கொண்டு நிற்பார். பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு அது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். குறைந்தது 90 மில்லி. அதை ஏ, பி என்று இரண்டு குப்பிகளில் நீங்களே ஊற்றி, நீங்களே மூட வேண்டும். பிறகு ஒரு படிவம். கடைசி ஏழு நாளில் சாப்பிட்ட மாத்திரை, டானிக், பவுடர் எல்லாவற்றையும் அதில் எழுதச் சொல்வார்கள். உங்களோடு ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ள உரிமை உண்டு. இது எத்தனை மாணவர்களுக்குத் தெரியும்? எத்தனை பேராசிரியர்களுக்குத் தெரியும்?

இந்தச் சோதனைக்கு நாம் எவ்வளவு பயப்படுகிறோம் என்பதை 2023 செப்டம்பர் 26 அன்று நாடே பார்த்தது. டெல்லி ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கம், மாநிலத் தடகளப் போட்டி, ஆண்கள் 100 மீட்டர் இறுதி. தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமையின் ஆட்கள் வந்துவிட்டார்கள் என்று தெரிந்ததும், எட்டுப் பேர் ஓட வேண்டிய இறுதிப் போட்டியில் கோட்டில் வந்து நின்றது ஒரே ஒரு பையன். தடை தாண்டும் நெடுந்தூர ஓட்டத்தில் ஓடிய ஒரு பெண், எல்லைக்கோட்டைத் தாண்டியும் நிற்கவில்லை. மாதிரி எடுக்க வந்தவர் பின்னாலேயே ஓடினார். அரங்கின் கழிப்பறையில் ஊசிகள் கிடந்த காணொளி அதற்கு முன்பே ஊர் சுற்றிவிட்டது. 2024இல் இந்தியாவில் சோதித்த மாதிரிகள் 7,113. தடை செய்த பொருள் கிடைத்தது 260இல். ஐயாயிரத்துக்கு மேல் சோதித்த நாடுகளில் நம் விகிதம்தான் அதிகம்.

டெல்லி கதை நமக்கெதற்கு என்று நினைப்பீர்கள். திருச்சி பக்கம் முடிகண்டத்துக்கு வாருங்கள். அந்த ஊர் ஓட்டக்காரர் கோமதி மாரிமுத்து 2019 ஏப்ரலில் தோகாவில் ஆசிய 800 மீட்டர் தங்கம் வென்றபோது நாம் எல்லோரும் கைதட்டினோம். கட்சிகள் போட்டி போட்டுப் பரிசு அறிவித்தன. ஆனால் மார்ச்சிலேயே பாட்டியாலாவில் ஃபெடரேஷன் கோப்பையில் எடுத்த மாதிரியில் நான்ட்ரோலோன் என்ற ஸ்டீராய்டின் தடம் இருந்தது. அந்த முடிவு நேரத்துக்கு வந்திருந்தால் அவர் தோகாவுக்கே போயிருக்க மாட்டார். மார்ச்சிலிருந்து மே வரை நான்கு மாதிரிகள், நான்கிலும் அதே பொருள். தெரிந்து எதையும் சாப்பிடவில்லை என்றார் அவர். பதக்கம் போனது, நான்கு ஆண்டுத் தடை வந்தது. சட்டப்படி அது சரி. உடம்பில் இருப்பதற்கு உடம்புக்காரரே பொறுப்பு என்பதுதான் உலக விதி. எனக்கு அதில் சண்டை இல்லை. ஆனால் அந்த மருந்து எந்தக் கை வழியாக வந்தது என்று நாம் யாராவது கேட்டோமா?

விதியில் அதற்கும் இடம் இருக்கிறது. மருந்தைக் கொடுத்தவருக்கும் விற்றவருக்கும் நான்கு ஆண்டு முதல் ஆயுள் தடை வரை உண்டு. ஏட்டில் இருக்கிறது. பயிற்சியாளர் பெயர் செய்தித்தாளில் வந்து எத்தனை முறை படித்திருக்கிறீர்கள்?

இனி நம்ம ஊருக்கு வருகிறேன். நான் உடற்கல்வி இயக்குநராகப் பணியில் இருந்த காலத்தில் இந்த மாவட்டத்தில் நடந்த கல்லூரிப் போட்டி எதிலும் மாதிரி எடுக்க ஒரு ஆள் வந்து நான் பார்த்ததில்லை. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் 1986 முதல் சோதிக்கிறது. நமக்கோ அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டிக்குப் போனால்தான் அந்தக் குப்பி கண்ணில் படும். அதற்குள் பையன் மூன்று வருடம் ஜிம்முக்குப் போய்விடுகிறான். "சார், டெர்மின் போட்டா மூச்சு வாங்காதாமே?" என்று ஒருவன் என்னிடம் கேட்டான். மெஃபென்டெர்மின். ஆபரேஷன் தியேட்டரில் ரத்த அழுத்தம் சரியும்போது மயக்க மருத்துவர் அளந்து போடுகிற ஊசி அது. இதயத்தை விரட்டும். அதை நண்பனுக்கு நண்பன், ஒரே சிரிஞ்சில், பளு தூக்கும் பெஞ்சில் வைத்துப் போட்டுக்கொள்கிறார்கள். மஞ்சள் காமாலைக் கிருமி இலவசம்.

கபடிப் பிள்ளைகள் கதை வேறு. எடை பார்க்கும் நாளுக்கு முந்தின நாள் தண்ணீர் குடிக்காமல், ஸ்வெட்டர் போட்டு வெயிலில் ஓடி, போதாததற்கு உடம்பு நீரை வெளியேற்றும் லாசிக்ஸ் மாத்திரை. நீரோடு பொட்டாசியமும் போய்விடும். இதயத் துடிப்பு தடம் புரளும். அந்த மாத்திரையும் தடைப் பட்டியலில் உண்டு. அது தெரியாமல் விழுங்குகிறவன்தான் அதிகம். பெண்பிள்ளைகளுக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் உடைந்த குரல் மருந்தை நிறுத்தினாலும் திரும்பாது. கிழக்கு ஜெர்மனியில் அரசாங்கமே இதைச் செய்தது. அதை நடத்திய விளையாட்டுத் தலைவர் மான்ஃப்ரெட் ஏவால்ட் 2000ஆம் ஆண்டில் நீதிமன்றத்தில் குற்றவாளியாக நின்றார்.

"நான் ஊசி போடல சார், லேகியந்தான்" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆசான்மாரும் வர்ம வைத்தியமும் உள்ள மண் இது. அந்த மரியாதை எனக்கும் உண்டு. ஆனால் 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் 4x400 மீட்டர் தொடரோட்டத் தங்கம் வாங்கிய அணியில் மூன்று பேர் அடுத்த ஆண்டே சிக்கினார்கள். உக்ரைன் பயிற்சியாளர் கொடுத்த ஜின்செங்தான் காரணம் என்றார்கள். வேர்தானே என்று நம்பித் தின்றதற்கு இரண்டு ஆண்டுத் தடை. தோவாளைச் சந்தைக்கு நாம் கட்டுக்கட்டாக அனுப்புகிற தாமரை இருக்கிறதே, அதன் விதை முளையில் உள்ள ஹைஜெனமைன்கூடத் தடைப் பட்டியலில் இருக்கிறது. சாதாரண இருமல் மருந்தில் வரும் டெர்பியூட்டலினும் அப்படியே.

பையன் ஏன் இதற்கெல்லாம் போகிறான்? பல்கலைக்கழக அளவில் ஒரு சான்றிதழ், அரசு வேலையில் 3 சதவீத இடஒதுக்கீடு, அல்லது ரயில்வே. மரச்சீனிக் கிழங்கும் சாளைமீனும் தின்று தூத்தூர் மணலில் பந்து உதைத்து வளர்ந்தவனுக்கு அது ஒரு வீட்டின் சோறு. அவனை மட்டும் மிரட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஆகவே கல்லூரி முதல்வர்களே, கேட்பது உங்களிடம். ஒவ்வொரு கல்லூரி அணிக்கும் ஒரு மருந்துக் குறிப்பேடு வையுங்கள்: என்ன மருந்து, எந்தத் தேதி, கொடுத்தது யார், கையெழுத்து. மாணவன் சிக்கினால் அந்தக் கையெழுத்துக்காரரையும் விசாரணைக்கு அனுப்புங்கள். உடற்கல்வி இயக்குநர்கள் சங்கடப்படுவார்கள், தெரியும். நானும் அந்த நாற்காலியில் இருந்தவன்தான். பதக்கம் வந்தால் போட்டோவில் நடுவில் நிற்கிறோமே, அப்போது வராத சங்கடம் இப்போது எதற்கு?

கடைசி வரிசையில் டிராக் சூட்டோடு உட்கார்ந்திருக்கும் மக்களே, தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமை 'நோ யுவர் மெடிசின்' என்று ஒரு செயலி வைத்திருக்கிறது. மருந்துப் பெயரைப் போட்டால் தடை உண்டா இல்லையா என்று சொல்லும். இப்போது போனை எடுங்கள். பைக்குள் என்ன பவுடர், என்ன மாத்திரை வைத்திருக்கிறீர்களோ அதைத் தேடிப் பாருங்கள். வெளியே சொல்ல முடியாத கேள்வி இருந்தால், கூட்டம் முடிந்ததும் கிழக்கு வாசலில் நிற்பேன். யார் பெயரையும் கேட்க மாட்டேன்.