கறுத்த திரையைக் கண்டு கலங்க வேண்டாம்

(தோட்டத்துச் சனசமூக மண்டபத்தில் வாகரையிலிருந்து வந்த கணினி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் கடற்கரைக்காரன். மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குப் போகிற வீதியில் இருக்கிறது எங்கட வாகரை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. உங்களுக்குப் பனியும் மழையும், எங்களுக்கு உப்புக் காற்று. ஆனால் ஒரு விசயத்தில் நாம் ஒன்றுதான். இரண்டு இடத்திலும் ஈரம் லப்டொப்பைத் தின்னுது.

2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிக்கூடங்களைப் பூட்டிய பிறகுதான் பல வீடுகளுக்குள் லப்டொப் வந்தது. கட்டுக்காசுக்கு எடுத்தவர்கள் உண்டு, சீட்டுப் பிடித்து வாங்கியவர்கள் உண்டு. எத்தனை நாள் பேர் போட்டு, எத்தனை கிலோ கொழுந்து பறித்துச் சேர்த்த காசு அது! ஒரு நாள் காலையில் பட்டனை அமத்தினால் திரை கறுப்பாகவே நிற்கும். பிள்ளை அழும். அம்மாவுக்கு வயிறு கலங்கும். அந்த நேரம் என்ன செய்வது என்பதைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

முதலில் என் கதையைச் சொல்லி விடுகிறேன். 2004 டிசம்பர் 26இல் வந்த சுனாமி எங்கள் வீட்டுப் பழைய படங்கள் எல்லாவற்றையும் கொண்டு போய் விட்டது. பிறகு எடுத்த அப்பாவின் படங்கள் முழுக்க என் லப்டொப்பில்தான் இருந்தன. அப்பா காலமாகிச் சில மாதத்தில் அதன் திரை கறுத்தது. கடைக்குக் கொண்டு போனேன். "விண்டோஸ் பழுது, புதுசாகப் போட வேணும்" என்றார்கள். நானும் சரி என்று தலையை ஆட்டினேன். திரை வந்தது, படங்கள் போய் விட்டன. இரண்டு மாதத்தில் திரும்பவும் கறுத்தது. இந்த முறை நானே திறந்து பார்த்தேன். உள்ளே றாம் என்கிற சின்னத் தகட்டின் பித்தளை நிறப் பற்களில் உப்புக் காற்றுக்குப் பாசி பிடித்த மாதிரி இருந்தது. துடைத்துப் பூட்டினேன், வேலை செய்தது. முதல் தடவையும் கோளாறு அதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும். கடையில் கழற்றிப் பூட்டியபோது தற்செயலாகச் சரிவந்திருக்கிறது. கடைக்காரரைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. கேள்வி கேட்கத் தெரியாமல் நின்ற என்னைத்தான் சொல்கிறேன்.

ஒரு ஆள் மயங்கி விழுந்தால் முதலில் என்ன பார்ப்போம்? மூச்சு இருக்குதா என்று பார்ப்போம். லப்டொப்புக்கும் அதுதான் முறை.

ஒன்று: உயிர் இருக்குதா? பட்டனை அமத்தியதும் சின்ன லைட் எரியுதா, உள்ளே காற்றாடிச் சத்தம் கேட்குதா என்று பாருங்கள். ஒன்றுமே இல்லை என்றால் திரையைக் குறை சொல்லாதீர்கள். சார்ஜரைப் பாருங்கள், பிளக்கைப் பாருங்கள், வேறு பிளக்கில் போட்டுப் பாருங்கள்.

இரண்டு: தேங்கிய கரண்டை இறக்கி விடுங்கள. சார்ஜரைக் கழற்றுங்கள். பென் டிரைவ், மவுஸ் எல்லாவற்றையும் எடுங்கள். பற்றரி வெளியே கழறுகிற வகையானால் அதையும் கழற்றுங்கள். பவர் பட்டனை அரை நிமிடம் அமத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரை மட்டும் பூட்டிப் போட்டுப் பாருங்கள். ஒரு சதமும் செலவில்லாத இந்த வைத்தியத்திலேயே பல லப்டொப் எழும்பி விடும்.

மூன்று: உயிர் இருக்கு, கண்தான் போச்சா? இருட்டில் ரோச் லைட்டைச் சாய்த்துத் திரைமேல் அடியுங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் திரைக்குப் பின்னால் எரிகிற வெளிச்சம்தான் போயிருக்கிறது. வெளிச்சத்தைக் கூட்டுகிற விசையை அமத்திப் பாருங்கள். அடுத்தது, எச்.டி.எம்.ஐ. வயர் ஒன்றால் வீட்டு ரீவியோடு இணைத்துப் பாருங்கள். ரீவியில் படம் வந்தால் மனம் ஆறுங்கள். திரையோ அதற்குப் போகிற வயரோதான் பழுது, உள்ளே இருப்பது பத்திரம்.

நான்கு: கம்பனிப் பெயர் தெரிந்து அதன் பிறகு கறுக்குதா? அப்படியென்றால் உறுப்புகளை விட விண்டோஸில் கோளாறு இருக்கவே வாய்ப்பு அதிகம். விண்டோஸ் விசை, கொன்ட்ரோல், சிப்ட், பி நான்கையும் ஒன்றாக அமத்துங்கள். திரையை இயக்குகிற பகுதி புதிதாகத் தொடங்கும். அதற்கும் மசியாவிட்டால், பெயர் தெரிந்ததும் பவர் பட்டனை அமத்திப் பிடித்து நிறுத்துங்கள். இப்படி இரண்டு மூன்று தடவை செய்தால் பழுது பார்க்கும் பக்கம் தானாக வரும். அதில் ட்ரபிள்சூட், அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று போய், திரும்ப எழும்பியதும் 4ஐ அமத்தினால் சேப் மோட் திறக்கும். அது திறந்தால் முதல் வேலை, முக்கியமானவற்றைப் பென் டிரைவில் எடுத்துக் கொள்வதுதான். அதே இடத்தில் "ரிமூவ் எவ்ரிதிங்" என்று ஒன்று இருக்கும். தம்பிமாரே, அதில் கை வைக்காதீர்கள். என் அப்பாவின் படங்கள் போனது அப்படி ஒரு வழியில்தான்.

ஐந்து: றாமைத் துடைப்பது. இது பழகியவர் செய்ய வேண்டிய வேலை. கரண்ட், பற்றரி இரண்டையும் கழற்றிய பிறகே திறக்க வேண்டும். கழற்றி, உலர்ந்த மெல்லிய துணியால் பற்களைத் துடைத்து, திரும்ப இறுக்கமாகப் பூட்ட வேண்டும். போட்டதும் "பீப் பீப்" என்று சத்தம் வந்தால் அதை எண்ணி வைத்துக் கொள்ளுங்கள். எங்கே நோகுது என்று லப்டொப் சொல்கிற பாசை அது.

இனி செய்யக் கூடாதவை. பற்றரி வீங்கி அடிப்பக்கம் உப்பினால் சார்ஜ் போடாதீர்கள், குத்தாதீர்கள், அது தீப்பிடிக்கும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் உங்கள் மலையையும் எங்கள் கரையையும் சேர்த்து உலுக்கியது. அப்படி நனைந்த லப்டொப்பை "வேலை செய்யுதா பார்ப்போம்" என்று போடாதீர்கள். தண்ணீர் கெடுப்பதை விட, ஈரத்தோடு கரண்ட் பாய்வது கூடக் கெடுக்கும். அடுப்பு மேலே காய வைக்கவும் வேண்டாம். திறந்து, துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகே கரண்ட் கொடுக்க வேண்டும்.

லயத்து வீட்டில் குசினிப் புகையும் பனியும் சேரும். குளிர்ந்து கிடந்த லப்டொப்பைச் சூடான அறைக்குக் கொண்டு வந்தால் தேத்தண்ணிக் கோப்பை மூடியில் வேர்க்கிற மாதிரி உள்ளேயும் வேர்க்கும். கொஞ்ச நேரம் வைத்து விட்டுப் போடுங்கள். சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி மின்னல் கூட. வானம் கறுத்தால் சார்ஜரைச் சுவரில் இருந்து கழற்றி விடுங்கள்.

கடைக்குக் கொண்டு போகத்தான் வேண்டும் என்றால் மூன்று கேள்வி கேளுங்கள். எது பழுது? எவ்வளவு முடியும்? உள்ளே இருப்பதை அழிப்பீர்களா? மூன்றாவது கேள்வியை மறக்கவே கூடாது. "அழிக்காமல் முதலில் எடுத்துத் தாருங்கோ" என்று சொல்லுங்கள். மதர்போர்ட் எரிந்தால் கூட, பெரும்பாலான லப்டொப்பில் டிஸ்கைத் தனியே கழற்றி இன்னொன்றில் போட்டுப் பார்க்கலாம்.

அம்மாமாரே, உங்களுக்குக் கொம்பியூட்டர் தெரியாது என்று நினைக்காதீர்கள். ஒரு கொழுந்தைத் தொட்டதும் முற்றலா பிஞ்சா என்று சொல்கிற விரல் உங்களுடையது. பார், கேள், தொட்டுப் பார், பிறகு முடிவு செய். இதுவும் அதே வேலைதான். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் பிள்ளையிடம் சொல்லி, முக்கியமான படங்களையும் பாடங்களையும் ஒரு பென் டிரைவில் எடுத்து, மழை படாத இடத்தில் வையுங்கள். திரை கறுத்தால் திரும்ப வரும். அழிந்த படம் வராது.