ஏணையும் கமராவும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில், கல்குடாவில் திருமணப் புகைப்படத் தொழில் செய்யும் பழைய மாணவிகள் இருவர் இணைந்து ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

‘தொழிலும் தாய்மையும்’ என்ற பொருளில் பேசும்படி சங்கத்தார் எங்களைக் கேட்டார்கள். டொக்டர்மாரும் அதிபர்மாரும் இருக்கும் இந்தச் சபையில், கல்யாணப் படம் எடுக்கிற எங்களை ஏன் கூப்பிட்டார்கள் என்று முதலில் யோசித்தோம். பிறகு விளங்கியது. எங்கள் தொழிலுக்குக் கந்தோர் இல்லை, லீவு இல்லை, ஓரிடம் இல்லை. இன்று வாகரை, நாளை களுவாஞ்சிக்குடி, அடுத்த கிழமை கொழும்பு. அப்படிப்பட்ட தொழிலைக் கைக்குழந்தையோடு செய்ய முடியுமா என்பதுதான் கேள்வி. முடியும் என்று சொல்லவும், எதனால் முடிந்தது என்று சொல்லவும் வந்திருக்கிறோம்.

நாங்கள் இருவரும் இந்தக் கல்லூரியில் ஒரே வகுப்பு. இப்போது கல்குடாவில் இருந்துகொண்டு ஒன்றாகத் தொழில் செய்கிறோம். எங்களில் ஒருவருக்கு ஒரு மகள், வயது பதினான்கு மாதம். அவள் முதன்முதலாக ஒரு கல்யாணத்துக்கு எங்களோடு வந்தபோது நான்கு மாதம். பிள்ளை ஒருவருடையது, பயணம் இருவருடையதும். ஆகவே ‘நாங்கள்’ என்றே பேசுகிறோம்.

முதலில், இந்தத் தொழில் எங்கள் ஊருக்கு ஏன் வேண்டும் என்பதைச் சொல்லவேண்டும். 1978 நவம்பர் 23ஆம் திகதி அடித்த சூறாவளி மட்டக்களப்பில் கூரைகளோடு அல்பங்களையும் கொண்டுபோனது. மிஞ்சியவற்றில் எத்தனையோ இடப்பெயர்வுகளில் தொலைந்தன. 2004 சுனாமி கல்குடா, பாசிக்குடாக் கரைகளில் வீட்டையே வைக்கவில்லை, படத்தையா வைக்கும்? எங்கள் பகுதியில் தம் கல்யாணப் படம் ஒன்றுகூட இல்லாத அம்மாமார் பலர் இருக்கிறார்கள். பேத்தியின் கல்யாணத்தில் அவர்களை அருகில் இருத்திப் படம் எடுக்கும்போது, “இதில ஒண்டு எனக்கும் தாங்க புள்ள” என்று கேட்பார்கள். அது வெறும் ஆசையல்ல என்று எங்களுக்குத் தெரியும்.

அடுத்தது, இந்தத் தொழிலுக்குப் பெண்கள் ஏன் வேண்டும் என்பது. ஓட்டமாவடி, ஏறாவூர், காத்தான்குடிப் பக்கம் மணப்பெண்ணையும் பெண்கள் கூடியிருக்கும் அறையையும் பெண்தான் படம் எடுக்கவேண்டும் என்று கேட்கும் குடும்பங்கள் ஏராளம். தமிழ்க் கல்யாணத்திலும் பெண்ணுக்குக் கூறை உடுத்தும் அறைக்குள் ஆண் போகமுடியாது. ஆனால் அல்பத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது: தாய் மகளுக்குப் பூ வைக்கும் கை, சின்னம்மாமாரின் பகிடி, வெளியே வந்தபின் யாரும் காட்டாத கண்ணீர்.

இது புதிதுமல்ல. சென்ற நூற்றாண்டின் முற்பாதியில் கல்கத்தாவில் அன்னபூர்ணா தத்தா என்றொரு பெண்மணி இதே தேவைக்காகவே கமராவோடு வீடு வீடாகப் போனார். பர்தா முறையில் வாழ்ந்த குடும்பங்களின் பெண்களைப் படம் எடுக்க அவரைத்தான் அழைத்தார்கள். ‘போட்டோகிராபர் மாஷிமா’ என்பது அவருக்கு ஊரார் வைத்த பெயர். மாஷிமா என்றால் தாயின் சகோதரி, எங்கள் வழக்கில் பெரியம்மா அல்லது சின்னம்மா. தொழிலையும் உறவையும் ஒரே பெயரில் சேர்த்துக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

ஆனால் எங்களோடு கமரா பழகிய பெண்களில் சிலர் இன்று தொழிலில் இல்லை. கல்யாணம் முடித்ததும் யாரும் நிற்கவில்லை. முதல் பிள்ளை பிறந்ததும் நின்றார்கள். அதாவது கை நன்றாகப் பழகி, நாலு குடும்பம் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கும் வயதில் நின்றார்கள். “பிள்ளை வளர்ந்த பிறகு பார்ப்போம்” என்பதே எல்லோரும் சொன்ன ஆறுதல். உலகப் புகழ்பெற்ற ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையாருக்குக் கமரா கிடைத்தபோது வயது 48. ஆறு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தபின் மகளும் மருமகனும் கொடுத்த பரிசு அது. அவர் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே காலமாகி, பொகவந்தலாவையில் அடக்கமானார். அவருக்கு வசதி இருந்தது, காத்திருந்தார். மாதத் தவணைக்குக் கமரா வாங்கிய எங்களால் 48 வயதுவரை காத்திருக்க முடியாது.

சட்டம் உதவாதா என்று கேட்பீர்கள். இந்த நாட்டில் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச்சட்டம் 1939இலேயே வந்துவிட்டது. கடையிலும் கந்தோரிலும் வேலை செய்யும் தாய்க்கு 84 வேலை நாட்கள் சம்பளத்துடன் லீவு உண்டு. 2018 திருத்தத்தின் பிறகு அது எத்தனையாவது பிள்ளை என்றாலும் குறையாது. பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளை கொடுக்கவேண்டும் என்ற ஏற்பாடும் உண்டு. நல்ல சட்டங்கள். ஆனால் அவை முதலாளி ஒருவர் இருக்கும் இடத்துக்குத்தான் பொருந்தும். எங்களைப்போல் தையல், அலங்காரம், கேக், சமையல், படப்பிடிப்பு என்று சொந்தக் கையால் உழைக்கும் பெண்ணுக்கு லீவு கொடுப்பது யார்? அவளுடைய சேமிப்புத்தான் கொடுக்கவேண்டும்.

சட்டம் தராததை எங்களுக்கு ஓரளவு தந்தது மட்டக்களப்பு வழக்கம். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவதுதான் முறை. தாயும் அக்கா தங்கையும் ஒரே வளவிலோ அடுத்த வளவிலோ இருப்பார்கள். பிள்ளை பிறந்தால் தூக்க நாலு கை உண்டு. வேறு ஊர்களில் வாழ்க்கைப்பட்டுப் போன தோழிகள் இதைக் கேட்டுப் பெருமூச்சு விடுவார்கள். ஆனால் ஒரு சிக்கல். தாய்வீடு கல்குடாவில் இருக்கிறது, கல்யாணம் கல்முனையில் நடக்கிறது. முதல் ஆறு மாதமும் தாய்ப்பால் மட்டும் என்று குடும்பநல உத்தியோகத்தர் சொல்லியிருக்கிறார். ஆகவே தாய்வீட்டையே கையோடு கொண்டுபோகத் தீர்மானித்தோம். அம்மம்மாவும் ஏணைச் சேலையும் வானில் ஏறினார்கள்.

எப்படிச் செய்கிறோம் என்று பல தங்கைமார் கேட்டிருக்கிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறோம்.

எங்கள் தொழிலில் எதற்கும் இரண்டு வேண்டும். இரண்டு கமரா, இரண்டு சோடி பற்றறி, இரண்டு மெமரி கார்ட். தாலி கட்டும் நிமிடத்தில் ஒன்று மக்கர் பண்ணினால் மற்றது இருக்கவேண்டும், அந்த நிமிடம் திரும்பி வராது. இதே விதியை ஆட்களுக்கும் வைத்தோம். பாலூட்டும் தாய் தனியாக ஒரு கல்யாணத்தை ஏற்பதில்லை. ஒருவர் பிள்ளையிடம் போகும்போது மற்றவரின் கமரா ஓடிக்கொண்டிருக்கும்.

ஐயர் நேரம் குறித்துத் தந்ததும் நாங்கள் அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுவோம். முகூர்த்தம் காலை ஒன்பதரை என்றால், எட்டே முக்காலுக்குப் பிள்ளை பால் குடித்திருக்க வேண்டும். அலங்காரத்துக்கு மூன்று மணித்தியாலம் போகும், அதற்குள் ஒரு தடவை கொடுக்கலாம். முகூர்த்தம் முடிந்து சபை சாப்பிடப் போகும்போது அடுத்த தடவை. பாசிக்குடாவில் சோடியை வைத்து எடுக்கும் படம்தான் கடினம். எங்கள் கடல் கிழக்கே இருக்கிறது, நல்ல வெளிச்சம் விடியற்காலையில்தான். ஐந்தரைக்குக் கரையில் நிற்கவேண்டும். சூரியனும் பிள்ளையும் ஒரே நேரத்தில் எழும்பினால் அம்மம்மாதான் பிள்ளையின் பக்கம்.

எடுத்துவைத்த பாலையும் கொண்டுபோகிறோம். 25 பாகைக்கு மேற்படாத அறையில் அது நான்கு மணித்தியாலம் இருக்கும் என்பது மருத்துவக் கணக்கு. எங்கள் பகுதியில் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் எந்த மண்டபமும் அந்தக் கணக்குக்குள் நிற்காது. ஆகவே வெளியில் வைப்பதே இல்லை. உறைந்த ஐஸ் பொதிகள் வைத்து இறுக மூடிய குளிர்ப்பெட்டியில் ஒரு நாள் தாங்கும், வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் நான்கு நாள். போத்தலில் திகதியும் நேரமும் எழுதி ஒட்டுவோம். பிள்ளை குடித்து மிஞ்சியதை ஊற்றிவிடுவோம்.

சத்தம் இன்னொரு விஷயம். மேளத்துக்கும் வெடிக்கும் தூரமாக அறை பார்ப்போம். ஆனால் மட்டக்களப்புப் பெண்கள் போடும் குரவைக்கு எந்தக் கதவும் தடையில்லை! எங்கள் மகள் இப்போது குரவை கேட்டால் அழுவதில்லை, கைதட்டுகிறாள்.

காசுக் கதையும் சொல்லவேண்டும். முற்பணம் வாங்கும்போதே ஒப்பந்தத்தில் மூன்று வரி எழுதுகிறோம். பிள்ளையும் பார்த்துக்கொள்ள ஒருவரும் வருவார்கள். பூட்டக்கூடிய, காற்றாடி உள்ள ஒரு அறை வேண்டும். இருபது நிமிடப்படி எடுக்கும் இடைவேளைகளில் மற்றவர் படம் எடுப்பார். விருப்பமில்லாதவர்களுக்கு முற்பணத்தை முழுவதும் திருப்பிக் கொடுப்போம். அப்படி இரண்டு கல்யாணம் கைவிட்டுப் போயின. பயணச் செலவும் கூடியிருக்கிறது. முன்பு ரயிலில் உதயதேவியில் போய் வந்த இடத்துக்கு இப்போது வான் பிடிக்கவேண்டும். வருமானம் குறைந்தது உண்மை, தொழில் நிற்கவில்லை என்பதும் உண்மை.

சிரமமான நாட்களும் இருந்தன. ஒரு மண்டபத்தில் மாப்பிள்ளைக்கு ஒரு அறை, பெண்ணுக்கு ஒரு அறை, குடிவகைப் போத்தல்களுக்குக்கூட ஒரு அறை. பிள்ளைக்குப் பால் கொடுக்க இடமில்லை. நடுப்பகல் வெயிலில் வானுக்குள் கண்ணாடிக்குச் சீலை தொங்கவிட்டுக் கொடுத்தோம். பிள்ளைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. ஐந்நூறு பேர் சாப்பிட்டுப் போன மண்டபம் அது.

அதற்கு எதிர்மாறாக ஏறாவூரில் ஒரு வீடு. மணப்பெண்ணின் உம்மம்மா எங்கள் அம்மம்மாவைக் கண்டதும் தன் கட்டிலை ஒழித்துக் கொடுத்து, வளையில் ஏணையும் கட்டிவிட்டா. “புள்ள, நீங்க போய் வேலையப் பாருங்க. இவள நான் பாக்கன்” என்றா. முன்பின் அறியாத இரண்டு கிழவிகளும் பிள்ளையை ஆட்டிக்கொண்டு பின்னேரம் வரைக்கும் கதைத்தார்கள். அன்று எடுத்த படங்கள் எங்கள் கையால் எடுத்தவற்றில் மிக நல்லவை. மனம் பிள்ளையின் அழுகையைத் தேடாமல் இருந்தால் கண் வேலை செய்யும். இதைவிடப் பெரிய தொழில் இரகசியம் எங்களிடம் இல்லை.

அன்பான சகோதரிகளே, நாங்கள் கண்டுகொண்டது இதுதான். கைக்குழந்தையோடு வேலைக்குப் போவது ஒரு பெண்ணின் துணிச்சலால் மட்டும் முடிகிற காரியமல்ல. வயல் வேலைக்குப் போன எங்கள் பாட்டிமார் வரம்போரத்து மரத்தில் ஏணை கட்டினார்கள். அந்த மரத்தை யாரும் அவர்களுக்கு மறுக்கவில்லை. இன்று வயலுக்குப் பதிலாக மண்டபம், மரத்துக்குப் பதிலாக ஒரு அறை. கேட்பது அவ்வளவுதான்.

இந்தச் சபையில் மண்டபமும் விடுதியும் நடத்தும் அக்காமார் இருக்கிறீர்கள். உள்ளே தாழ்ப்பாள், ஒரு காற்றாடி, ஒரு சாய்மனைக் கதிரை உள்ள சிறு அறை ஒன்றை ஒதுக்குங்கள். அது எங்களுக்கு மட்டுமல்ல, கைக்குழந்தையோடு கல்யாணத்துக்கு வரும் ஒவ்வொரு தாய்க்கும் உதவும். மகளுக்குக் கல்யாணம் வைக்கப்போகிறவர்கள் இருக்கிறீர்கள். படம் எடுக்கும் பெண்ணிடம் “பிள்ளையை ஆரிட்ட விட்டுட்டு வருவீங்க?” என்று கேளாமல், “பிள்ளைக்கு என்ன வேணும்?” என்று கேளுங்கள். லண்டனிலும் டொரொன்டோவிலும் மெல்பேர்னிலும் இருக்கும் அக்காமாரே, ஊரில் கல்யாணம் வைக்கும்போது ஊரில் தொழில் செய்யும் பெண்களைத் தேடுங்கள். சொந்தக் கையால் உழைக்கும் பழைய மாணவிகளின் பெயர்ப் பட்டியல் ஒன்றைச் சங்கம் வைத்திருந்தால் தேடுவது சுலபம். அந்தப் பட்டியல் எழுத முன்வந்தால் முதல் ஆளாக நாங்கள் உதவுவோம்.

தொழில் தொடங்கும் தங்கைமாருக்கு ஒன்று. தனியே தொடங்காதீர்கள், ஒரு தோழியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிள்ளை வருமுன்னரே ஆறு மாதச் செலவுக்குச் சேமியுங்கள். பிள்ளை வந்தபின் கமராவை விற்காதீர்கள்.

வரும் ஆவணியில் ஐந்து கல்யாணம் எடுத்திருக்கிறோம். அதில் ஒன்றின் மணப்பெண் இங்கே எட்டாம் வகுப்பில் எங்களுக்குக் கணிதம் சொல்லித் தந்த ஆசிரியையின் மகள். ரீச்சர் ஒப்பந்தத்தின் மூன்று வரியையும் வாசித்துவிட்டு, தன் கையால் நாலாவது வரி ஒன்று எழுதினா: “பிள்ளைக்கும் அம்மம்மாவுக்கும் சாப்பாடு எங்கள் வீட்டில்.”

இவ்வளவு நேரமும் பின் வரிசையில் எங்கள் மகளைப் பார்த்துக்கொண்ட பெயர் தெரியாத தங்கைமாருக்கு எங்கள் நன்றி.