மின்வழங்கியை மாற்றலாமா?



மேசைக் கணிப்பொறி வாங்கச் செல்வோர் அதன் வேகத்தை விசாரிக்கிறார்கள். நினைவகத்தின் அளவைக் கேட்கிறார்கள். திரையின் அகலத்தைப் பார்க்கிறார்கள். பெட்டியின் மூலையில் ஒரு விசிறியோடு அமர்ந்திருக்கும் மின்வழங்கியைப் பற்றிக் கேட்போர் மிகச் சிலரே. டில்லி நேரு பிளேசிலும் பம்பாய் லாமிங்டன் சாலையிலும் கடைக்காரர்கள் 'எஸ்.எம்.பி.எஸ்.' என்று சொல்வது இதைத்தான். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்திசை மின்சாரமாக மாற்றித் தருவது இதன் பணி. உள்ளே உழைக்கும் உறுப்புகள் பல. அவற்றுக்கு உணவளிப்பது இது ஒன்றே.

இக்கருவிக்கு முதுமை எவ்வாறு வருகிறது? இதனுள்ளே மின்தேக்கிகள் இருக்கின்றன. மின்சாரத்தின் ஏற்றத்தாழ்வை அடக்கிச் சீராக்குபவை அவை. அவற்றிலுள்ள திரவம் வெப்பத்தால் ஆண்டுக்காண்டு வற்றுகிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் மின்தேக்கியின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பொறியாளர் கைக்கணக்கு. கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் டில்லியிலும் நாகபுரியிலும், காற்றுத் துளைகளைத் தூசி அடைத்த பெட்டிக்குள் அது படும் பாட்டைச் சொல்லவும் வேண்டுமோ?

முதுமையின் அறிகுறிகள் சில உண்டு. வேலைப்பளு ஏறும்போது பொறி தானே அணைந்து எழுதல், பொத்தானை இரண்டு மூன்று முறை அழுத்தினால்தான் உயிர் பெறுதல், விசிறியின் இரைச்சல், கருகிய நாற்றம் ஆகியவை அவை. கருகிய நாற்றம் வந்தால் ஆராய்ச்சி வேண்டாம். உடனே இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும். முதலிரண்டும் நினைவகக் கோளாறாலோ செயலியின் சூட்டாலோ கூட நேரலாம். ஆதலின் நல்ல மின்வழங்கி ஒன்றைப் பொருத்திப் பார்த்த பின்னர் முடிவு செய்வதே முறை. 12 வோல்ட் இணைப்பு 11.4-க்கும் 12.6-க்கும் இடையே நிற்க வேண்டும் என்பது விதி. ஆயினும் சாதாரண அளவுமானி நுண்ணிய அலைவுகளைக் காட்டாது. அளவு சரியாயிருப்பதால் மட்டும் உடல்நலம் சரியென்று கொள்வதற்கில்லை.

அறிகுறி ஏதுமில்லை, வயது மட்டும் ஏறிவிட்டது. அப்போது என் செய்வது? 'ஓடுகிற வரையில் ஓடட்டும்' என்பார் பலர். நல்ல தயாரிப்பாயின் அக்கூற்றில் நியாயமுண்டு. 10 ஆண்டு உத்தரவாதத்தோடு வந்த கருவியை ஆறாம் ஆண்டில் கழிப்பது வீண் செலவு. அத்தகைய கருவியில் காப்புச் சுற்றுகள் இருக்கும். பழுதானால் பெரும்பாலும் அது தன்னளவில் அடங்கிவிடும். பெட்டியோடு இலவசமாக வந்த, பேர் தெரியாத மலிவுக் கருவியின் கதை வேறு. அது சாகும்போது மிகை மின்னழுத்தத்தை அனுப்பித் தாய்ப்பலகையையும் வன்தட்டையும் உடன் அழைத்துச் செல்லக்கூடும். ஐந்து ஆண்டுகள் உழைத்த அத்தகைய கருவியை, நோய்க்குக் காத்திராமல் மாற்றுவதே சிக்கனம் என்பது என் கருத்து.

'பொறியே பழையதாயிற்றே' என்று தயங்க வேண்டியதில்லை. 1995-இல் வகுக்கப்பட்ட ஏ.டி.எக்ஸ். அளவில் அமைந்த மின்வழங்கியை அடுத்த கணிப்பொறிக்கும் பெரும்பாலும் கொண்டு செல்லலாம். ஆனால் சில நிறுவனங்கள் தமக்கெனத் தனி வடிவம் வைத்திருக்கின்றன; அளவைப் பார்த்து வாங்குக. கழற்றி மாட்டும் கம்பிகளாயின் பழையவற்றைப் புதியதில் செருகலாகாது. முனை பொருந்தினாலும் உள்ளிணைப்பு மாறியிருக்கலாம். மின்வழங்கியின் கூட்டை வீட்டில் திறக்கவே கூடாது. இணைப்பைத் துண்டித்த பின்னும் மின்தேக்கியில் உயிருக்கு ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும். கழித்த கருவியைக் கபாடிக்காரரிடம் போடாமல், அங்கீகாரம் பெற்ற மின்கழிவு நிலையத்தில் சேர்ப்பது நன்று.

இவை அனைத்திற்கும் முன்னர் செய்யத்தக்கது ஒன்றுண்டு. ஊரைவிட்டு வந்து வாழும் நம் இல்லங்களில், வன்தட்டு என்பது ஊரையே சுமக்கும் பெட்டி. பாட்டனாரின் படம், நிலப் பத்திரத்தின் படி, தாயின் குரல், பிள்ளைகள் எழுதிய கட்டுரை ஆகியவை அதில் உறங்குகின்றன. மின்வழங்கி எந்நகரத்துக் கடையிலும் கிடைக்கும். இவை எக்கடையிலும் கிடைக்கமாட்டா. மாற்றுவதா வேண்டாமா என்பதை நாளை ஆராயலாம். நகல் எடுப்பதை இன்றே செய்துவிடுங்கள்.